உங்கள் மாணவரின் லொக் கோப்பைத் திறந்து பாருங்கள்

வன்னியில் மென்பொருள் கற்பிப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களே,

அறிவியல் நகரிலும் பம்பைமடுவிலும் விரிவுரை செய்யும் உங்களுக்கும், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களில் உயர்தரத் தொழினுட்பப் பிரிவிலும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் நிரலாக்கம் சொல்லிக்கொடுக்கும் உங்களுக்கும் இதை எழுதுகிறேன். மென்பொருள் எழுதிப் பிழைக்கலாம் என்ற நம்பிக்கை வன்னிப் பிள்ளைகளுக்கு வந்ததில் உங்கள் பங்கு பெரியது. உங்களிடம் படித்து வெளியே வந்தவர்களோடு நாள்தோறும் வேலை செய்கிறேன். அந்த உரிமையில் ஒரு குறையைச் சொல்கிறேன், ஒரு உதவியும் கேட்கிறேன்.

குறை இது. எங்கள் பிள்ளைகள் எழுதும் மென்பொருள்கள் தங்கள் லொக் கோப்புகளுக்குள், அதாவது தாங்கள் செய்வதை வரிவரியாகக் குறித்துவைக்கும் பதிவேடுகளுக்குள், மற்றவர்களின் பாஸ்வேட்டுகளை எழுதிவைக்கின்றன. ஒருமுறை மட்டும் செல்லும் ஓ.ரி.பி. இலக்கங்கள், உள்நுழைந்தவரை அடையாளம் காட்டும் டோக்கன்கள், தரவுத்தளத்தின் சாவி, எஸ்.எம்.எஸ். அனுப்பும் கணக்கின் சாவி எல்லாம் அங்கே வெளிச்சமாகக் கிடக்கின்றன. எழுதியவர்களுக்கே அது தெரியாது. வேண்டுமென்று யாரும் செய்யவில்லை என்பதால்தான் இது கண்ணில் படாமல் ஆண்டுக்கணக்காக ஓடுகிறது.

பாஸ்வேட்டை அப்படியே தரவுத்தளத்தில் சேமிக்கக் கூடாது, ஹாஷ் செய்துதான், அதாவது மூலச் சொல்லைத் திரும்ப எடுக்க முடியாதபடி மாற்றித்தான், வைக்கவேண்டும் என்று நீங்கள் நன்றாகவே கற்பிக்கிறீர்கள். இன்று வன்னியில் எந்த மாணவரைக் கேட்டாலும் பிகிரிப்ட் என்ற ஹாஷ் முறையின் பெயர் பதிலாக வரும். ஆனால் பயனர் தட்டச்சுச் செய்த பாஸ்வேட் சேவருக்கு வந்துசேர்ந்து ஹாஷ் ஆகும் வரை, சொற்ப நேரம் என்றாலும், மூடிமறைக்காத சொல்லாகவே நிற்கிறது. அந்த இடைவெளிக்குள்தான் மாணவர் ‘வந்த கோரிக்கை முழுவதையும் லொக்கில் எழுது’ என்று ஒரு வரி போட்டிருப்பார். ஏதோ ஒரு இரவு வேலை செய்யாத படிவத்தைத் திருத்துவதற்காகப் போட்ட வரி அது. படிவம் சரிவந்தது. வரி அங்கேயே இருந்துவிட்டது. தரவுத்தளத்தில் பிகிரிப்ட் காவல் இருக்க, பக்கத்துக் கோப்புறையில் அதே பாஸ்வேட் திகதி நேரத்தோடும் பயனர் பெயரோடும் வரிசையாகக் கிடக்கும்.

இது அனுபவமில்லாத பிள்ளைகள் மட்டும் விடும் பிழை என்று எண்ணவேண்டாம். 2018 மே மாதம் ருவிட்டர் தன் 33 கோடிப் பயனர்களையும் பாஸ்வேட்டை மாற்றும்படி கேட்டுக்கொண்டது. அவர்களும் பிகிரிப்ட்தான் பயன்படுத்தினார்கள். ஹாஷ் செய்யும் வேலை முடிவதற்கு முன்னரே பாஸ்வேட் உள்ளக லொக் ஒன்றில் எழுதப்பட்டுவந்ததைத் தாங்களே கண்டுபிடித்து அறிவித்தார்கள். அதற்குச் சில நாட்கள் முன்னர்தான் நிரல்களைச் சேமித்துவைக்கும் தளமான கிற்ஹப்பும் இதே வகைப் பிழையைச் சொல்லியிருந்தது. பாஸ்வேட்டை மீளமைத்த சிலரின் புதிய பாஸ்வேட்டுகள் அதன் உள்ளக லொக்குகளில் விழுந்திருந்தன. 2019 மார்ச்சில் பேஸ்புக், கோடிக்கணக்கான பயனர்களின் பாஸ்வேட்டுகள் தன் உள்ளகச் சேமிப்புகளில் ஊழியர்கள் வாசிக்கக்கூடிய வடிவில் கிடந்ததை ஒப்புக்கொண்டது. அந்த விடயத்துக்காக அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணைக்குழு 2024 செப்டெம்பரில் பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெற்றாவுக்கு 9.1 கோடி யூரோ தண்டம் விதித்தது. இந்த மூன்று இடங்களிலும் மூத்தவர்கள் இருந்தார்கள், பாதுகாப்புக்கென்றே தனிக் குழுக்கள் இருந்தன. அப்படியும் நடந்தது.

எங்கள் நிலைமை அவர்களுடையதைவிட மோசம் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. ருவிட்டரின் லொக் ருவிட்டருக்குள்ளேயே கிடந்தது. வன்னியில் லொக் கோப்பு ஊர் சுற்றுகிறது.

புதுக்குடியிருப்பிலோ மாங்குளத்திலோ இருந்து மென்பொருள் எழுதும் பிள்ளைக்குப் பக்கத்து மேசையில் கேட்டுப் பார்க்க ஒரு மூத்தவர் இல்லை. சேவர் விழுந்தால் அவர் என்ன செய்வார்? லொக்கை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வட்ஸ்அப் குழுவில் போடுவார். கொழும்பில் வேலை செய்யும் வகுப்புத் தோழனுக்கு முழுக் கோப்பையும் அனுப்புவார். ரொறன்ரோவில் இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணனுக்கு மின்னஞ்சல் போகும். இப்போது செயற்கை நுண்ணறிவு உரையாடிகளிலும் அப்படியே ஒட்டிவிட்டு ‘இது என்ன பிழை’ என்று கேட்கிறார்கள். உதவி கேட்பதில் ஒரு பிழையும் இல்லை. நானும் அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் இந்தத் தொழிலைக் கற்றேன். தனியே இருந்து வேலை செய்கிறவருக்கு லொக் கோப்புத்தான் உதவி கேட்கும் வழி. அதனாலேயே அதற்குள் என்ன இருக்கிறது என்பது எங்களுக்கு மற்றவர்களைவிட முக்கியமானது.

அண்மையில் அப்படி ஒரு கோப்பு எனக்கு வந்தது. கடன் கொடுக்கும் ஒரு சங்கத்தின் மென்பொருள். சங்கத்தின் பெயர் இங்கே தேவையில்லை. அறிக்கை ஒன்று அச்சாகவில்லை, பார்த்துத் தரச் சொல்லித் தம்பி ஒருவர் அனுப்பியிருந்தார். அறிக்கையின் பிழையைக் கண்டுபிடிக்க முன்னரே வெளிக்கள அலுவலர்களின் பாஸ்வேட்டுகள் கண்ணில் பட்டன. பலருடையது அவர்களின் தேசிய அடையாள அட்டை இலக்கமே. கணக்குத் திறக்கும்போது அதையே முதல் பாஸ்வேட்டாகக் கொடுத்திருக்கிறார்கள், ஒருவரும் மாற்றவில்லை. பழைய இலக்கமோ 12 இலக்கம் கொண்ட புதியதோ, அதிலிருந்து ஒருவர் பிறந்த ஆண்டு, நாள், ஆணா பெண்ணா என்பதெல்லாம் தெரிந்துவிடும். ஆக பாஸ்வேட்டும் போனது, ஆளின் விபரமும் போனது. தம்பிக்கு உடனே தொலைபேசி எடுத்துச் சொன்னேன். “அது எங்கட சேவருக்குள்ளதானே அண்ணை கிடக்கு, ஆர் பாக்கப்போகினம்?” என்றார். அந்தக் கோப்பு என் கையில் இருக்கும்போதே அப்படிச் சொன்னார். சங்கத்தின் பொறுப்பானவர்களிடமும் பேசினேன். அறிக்கை எப்போது அச்சாகும் என்பதுதான் அவர்களுக்குத் தேவையாக இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. அந்தத் தம்பியோடு எனக்குக் கோபம் இல்லை. படித்த காலம் முழுவதும் ஒருவரும் அவரிடம் லொக் கோப்பைத் திறந்து காட்டு என்று கேட்டிருக்கவில்லை.

அந்தப் பாஸ்வேட்டால் திறக்கக்கூடிய அலுமாரிக்குள் இருப்பவை எவை என்பதை வன்னிக்கு வெளியே இருப்பவர்களுக்கு விளக்கிச் சொல்லவேண்டும். உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் எழுதுகிறேன். இந்த மண்ணின் சனங்களைப்போல் படிவம் நிரப்பியவர்கள் வேறு எங்கும் இருப்பார்களா தெரியாது. 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் தொடங்கி, மீள்குடியேற்றம், வீட்டுத்திட்டம், காணி உறுதி, வாழ்வாதார உதவி, நுண்கடன் என்று ஒவ்வொன்றுக்கும் குடும்ப விபரம் முழுவதையும் எழுதிக் கொடுத்தார்கள். யார் இறந்தார், யார் காணாமல் ஆக்கப்பட்டார், யாருக்குக் கால் இல்லை, எந்த வீட்டில் தாய் மட்டும் இருக்கிறார், யார் தடுப்பிலிருந்து வந்தவர் என்பதெல்லாம் அந்தப் படிவங்களில் உண்டு. 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் தெருவோரம் இருந்து பிள்ளைகளைக் கேட்ட தாய்மாரின் பெயர்களும் ஏதோ ஒரு அமைப்பின் பட்டியலில் இருக்கும். இன்று அந்தப் பட்டியல்கள் கணினிக்குள் போகின்றன. அவற்றை ஏற்றும் மென்பொருளை எழுதுபவர்கள் உங்கள் மாணவர்கள். ஒரு வங்கியில் பாஸ்வேட் கசிந்தால் காசு போகும், காசைத் திருப்பி வைக்கவும் முடியும். தனியே பிள்ளைகளோடு இருக்கும் ஒரு பெண்ணின் முகவரியும் கடன் நிலுவையும் வேண்டாதவர் கையில் போனால் அதைத் திருப்பி வாங்க வழி இல்லை.

தொழினுட்ப விடயத்துக்கு வருகிறேன். கசிவு எந்த எந்த வழியால் நடக்கிறது என்பதை வகுப்பில் காட்டினாலே பாதிப் பிரச்சினை குறையும். நான் அடிக்கடி காண்பவற்றைச் சொல்கிறேன்.

முழுக் கோரிக்கையை எழுதும் வரியைப் பற்றி மேலே சொன்னேன். அதைவிடப் பரவலானது எஸ்.எம்.எஸ். கணக்கு. குறுஞ்செய்தி அனுப்பும் சேவைகள் சில, பயனர் பெயரையும் சாவியையும் இணைய முகவரியின் வாலிலேயே வைத்து அனுப்பச் சொல்கின்றன. அந்த முகவரி தோல்வியடைந்தால் பிழைச் செய்தியில் முழு முகவரியும் விழும். சாவி அதற்குள், பெறுநரின் தொலைபேசி இலக்கம் அதற்குள், செய்தியில் இருக்கும் ஓ.ரி.பி.யும் அதற்குள். எங்கள் பகுதியில் சிக்னல் விட்டுவிட்டு வரும் நாட்களில் இந்தப் பிழை ஒன்றுக்குப் பின் ஒன்றாக விழும். பாஸ்வேட்டை மீளமைக்கும் இணைப்புகளும் அப்படியே. டோக்கன் முகவரியில் இருந்தால் இணையச் சேவரின் அணுகல் லொக்கில் அது தானாகவே பதியும். மாணவர் ஒரு வரியும் எழுதத் தேவையில்லை.

அடுத்தது எதிர்பாராத பிழைகள். தரவுத்தளத்தோடு இணைய முடியாதபோது சில மென்பொருள்கள் இணைப்புச் சரத்தை முழுமையாக அச்சிடும். அதில் தரவுத்தளப் பாஸ்வேட் இருக்கும். பி.எச்.பி. மொழியில் பிழைத்தடம், அதாவது பிழை வரை நடந்த அழைப்புகளின் பட்டியல், விழும்போது சார்புக்குக் கொடுத்த பெறுமதிகளும் சேர்ந்து விழக்கூடும். பி.எச்.பி.க்கான லாரவெல் சட்டகத்தில் டிபக் எனப்படும் பிழைதேடும் நிலையை மூடாமலேயே மக்கள் பாவனைக்கு விட்டுவிடுகிறார்கள். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் பிழைவிட்ட கட்டளையை இயல்பாகவே தன் லொக்கில் எழுதும். பெறுமதியைக் கட்டளைக்குள் ஒட்டி எழுதும் பழக்கம் உள்ளவர்களின் பாஸ்வேட் அங்கேயும் போய்ச் சேரும்.

‘தோல்வியடைந்த உள்நுழைவுகளை மட்டும்தான் எழுதுகிறேன், பிழையான பாஸ்வேட்தானே’ என்று சொல்லும் மாணவர்களும் உண்டு. பிழையான பாஸ்வேட் என்பது பெரும்பாலும் சரியான பாஸ்வேட்டில் ஒரு எழுத்து மாறியது. இன்னொன்றும் நடக்கிறது. அவசரத்தில் பயனர் பெயருக்கான கட்டத்திலேயே பாஸ்வேட்டைத் தட்டிவிடுகிறார்கள். அடுத்த வரியில் அதே ஐ.பி. முகவரியிலிருந்து சரியான பெயரோடு நுழைவார்கள். இரண்டு வரியையும் சேர்த்து வாசிக்கிறவருக்கு எல்லாம் தெரிந்துவிடும். ஆகவே தோல்வியில் பயனர் தட்டியதை எழுதவே வேண்டாம். அந்தப் பெயரில் கணக்கு இருந்தால் அதன் உள் இலக்கத்தை எழுதலாம், இல்லாவிட்டால் ‘தெரியாத பயனர்’ என்று எழுதினால் போதும்.

கோப்பு எங்கே கிடக்கிறது என்பதும் பெரிய விடயம். 2024 செப்டெம்பரில் இணையத்தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸுக்கான லைற்ஸ்பீட் கேஷ் என்ற செருகியில் ஒரு ஓட்டை வெளிவந்தது. 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் நிறுவப்பட்ட செருகி அது. அதன் டிபக் லொக்கில் உள்நுழைந்தவர்களின் குக்கீகள், அதாவது அவர்களை அடையாளம் காட்டும் சிறு குறிப்புகள், எழுதப்பட்டன. கோப்போ, இணையத்தில் எவரும் முகவரி தட்டித் திறக்கக்கூடிய கோப்புறையில் இருந்தது. முன்னொரு காலத்தில் டிபக்கைப் போட்டுப் பின்னர் நிறுத்திய தளங்களிலும் பழைய கோப்பு அழியாமல் இருந்தால் ஆபத்துத்தான். குக்கீ கையில் இருந்தால் பாஸ்வேட்டே தேவையில்லை, நிருவாகியாகவே உள்ளே போகலாம். எங்கள் பாடசாலைகள், கோயில்கள், சனசமூக நிலையங்களின் தளங்கள் எத்தனை வேர்ட்பிரஸ்ஸில் ஓடுகின்றன என்று உங்களுக்குத் தெரியும்.

தடுக்கும் வழிகளில் முதலில் எல்லோரும் நினைப்பது மறைக்கவேண்டிய பெயர்களின் பட்டியல். பாஸ்வேட், டோக்கன், குக்கீ என்று களங்களின் பெயரைக் கொடுத்தால் அவற்றின் பெறுமதிக்குப் பதிலாக நட்சத்திரம் விழும். நல்லதுதான், வையுங்கள். ஆனால் அதை நம்பியிருக்க முடியாது. எங்கள் பிள்ளைகள் களத்துக்கு ‘ரகசியம்’ என்றும் ‘திறப்பு’ என்றும் ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பெயர் வைக்கிறார்கள். உலகத்தில் எந்த வடிகட்டிக்கும் அந்தச் சொல் தெரியாது. ஆகவே மாறாகச் சிந்திக்கப் பழக்குங்கள். எதை மறைக்கலாம் என்று தேடாமல், எதை எழுதலாம் என்று தெரிவுசெய்து அதை மட்டும் எழுதட்டும். பயனரின் உள் இலக்கம், நேரம், எந்தச் செயல், வென்றதா தோற்றதா, கோரிக்கைக்கு ஒரு அடையாள இலக்கம். பிழை தேட இவை பெரும்பாலும் போதும்.

மொழிகளும் இப்போது உதவுகின்றன. 2022 டிசம்பரில் வந்த பி.எச்.பி. 8.2 இல், ஒரு சார்பின் அளபுருவை ‘இது இரகசியம்’ என்று குறித்துவைத்தால் பிழைத்தடத்தில் அதன் பெறுமதி விழாது. பைதனுக்கான ஜாங்கோ சட்டகத்தில் மாறிகளுக்கும் படிவக் களங்களுக்கும் அதே வசதி நெடுநாளாக உண்டு. பைதனில் பைடான்டிக் என்ற நிரலகம் தரும் இரகசியச் சரம் என்ற வகையை அச்சிட்டால் நட்சத்திரம்தான் வரும், உண்மைப் பெறுமதி வேண்டுமென்றால் வெளிப்படையாகக் கேட்டு எடுக்கவேண்டும். இந்த மூன்றாவது முறை எனக்கு மிகப் பிடித்தது. நினைவாக இருந்து மறைக்கவேண்டிய பாரத்தை அது எழுதுகிறவரின் தலையிலிருந்து இறக்கிவிடுகிறது.

இவை எல்லாவற்றையும்விட நான் பெரிதாக மதிப்பது ஒரு எளிய சோதனை. உலகில் வேறு எங்கும் இல்லாத ஒரு சொல்லை, ‘வன்னிமான்2468’ போல, சோதனைப் பயனரின் பாஸ்வேட்டாக வையுங்கள். அதைக்கொண்டு நுழையுங்கள், பிழையாகத் தட்டுங்கள், பாஸ்வேட்டை மாற்றுங்கள். தரவுத்தளத்தை நிறுத்திவிட்டு நுழைந்து பாருங்கள். இணையத்தைத் துண்டித்துவிட்டு ஓ.ரி.பி. கேளுங்கள். பிறகு எல்லா லொக்குகளிலும் அந்தச் சொல்லைத் தேடுங்கள்: செயலியின் லொக், இணையச் சேவரின் லொக், தரவுத்தளத்தின் லொக், கைத்தொலைபேசிச் செயலி இருந்தால் அதன் லொக்கும். பேஸ்64 வடிவிலும் தேடவேண்டும். அது பூட்டு அல்ல, எவரும் ஒரு நொடியில் பிரித்து வாசிக்கும் மாற்றெழுத்து. ஒரு இடத்திலாவது சொல் அகப்பட்டால் வேலை முடியவில்லை. இந்தச் சோதனையைத் தானியங்கியாக எழுதிவைத்தால் நாளை வேறொருவர் புதிதாக ஒரு வரி சேர்த்தாலும் அது பிடிக்கும்.

கசிந்தது தெரிந்தால் என்ன செய்வது என்பதையும் சேர்த்துக் கற்பியுங்கள். எல்லோரும் முதலில் அந்த வரியை அழிக்க ஓடுகிறார்கள். முதலில் சாவியை மாற்றவேண்டும், பாஸ்வேட்டுகளை மீளமைக்கவேண்டும், திறந்திருக்கும் உள்நுழைவுகளை முடிக்கவேண்டும். அழிப்பது அதற்குப் பிறகு. கோப்பின் பிரதி காப்புப் பிரதிக்குள்ளும் யாரோ ஒருவரின் வட்ஸ்அப்பிலும் பென்டிரைவிலும் இருக்கும், அவற்றை எங்களால் அழிக்க முடியாது. 2025 மார்ச்சில் கிற்ஹப்பில் 23,000 இற்கும் மேற்பட்ட திட்டங்கள் பயன்படுத்திய ஒரு துணைக்கருவியை யாரோ கைப்பற்றி, திட்டங்களின் சாவிகளை அவற்றின் கட்டுமான லொக்கிலேயே அச்சிட வைத்தார்கள். பொதுவில் திறந்திருந்த திட்டங்களில் அந்த லொக்கை எவரும் வாசிக்கலாம். அங்கேயும் முதல் அறிவுரை சாவிகளை மாற்று என்பதுதான்.

பாடத்திட்டத்தில் இடம் இல்லை என்று நீங்கள் சொல்லலாம். அந்தச் சிரமம் எனக்குப் புரிகிறது, அதனால் புதிய பாடம் ஒன்றும் கேட்கவில்லை. செயற்றிட்ட மதிப்பீட்டில், மாணவர் தன் மென்பொருளை இயக்கிக் காட்டி முடித்ததும், லொக் கோப்பைத் திறக்கச் சொல்லுங்கள். உள்நுழைந்த பாஸ்வேட்டை அதற்குள் உங்கள் முன்னிலையிலேயே தேடட்டும். 100 இல் 5 புள்ளி அதற்கு வையுங்கள். சில நிமிட வேலை. புள்ளி போகும் என்று தெரிந்தால் அடுத்த அணி தானாகவே பார்த்துக்கொண்டு வரும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். தொழிற்பயிற்சி நிலையங்களில் புள்ளி முறை வேறாக இருந்தாலும் சான்றிதழுக்கு முன் இதைச் செய்விக்கலாம்.

லொக்கே எழுதாமல் விடட்டும் என்று தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். லொக் இல்லாத மென்பொருளில் திருட்டு நடந்தால் நடந்ததே தெரியாது. கடன் நிலுவையை யார் மாற்றினார், எப்போது மாற்றினார் என்று ஒரு அம்மா கேட்டால் பதில் சொல்ல அந்த வரிகள் வேண்டும்.

சங்கங்களின் நிருவாகிகள் இதை வாசித்தால் அவர்களுக்கும் ஒரு சொல். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் மற்றவர்களின் விபரத்தை வைத்திருப்பவர் மீதுதான் அதைக் காக்கும் பொறுப்பைப் போடுகிறது. மென்பொருள் எழுதிய தம்பியைக் காட்டித் தப்ப முடியாது. மென்பொருளை வாங்கும்போது நான் மேலே சொன்ன சோதனையைச் செய்துகாட்டக் கேளுங்கள். அதற்காகும் நேரத்துக்குக் காசும் கொடுங்கள். குறைந்த விலைக்கு எழுதித் தருகிறவரிடம் எல்லாவற்றையும் இலவசமாக எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ஆசிரியர்களே, உங்களுக்கு உதவியாகச் சில பொருட்கள் செய்துவைத்திருக்கிறேன். கற்பனைப் பெயர்களும் கற்பனை இலக்கங்களும் கொண்ட பயிற்சி லொக் கோப்புகள், அவற்றில் ஒளிந்திருக்கும் கசிவுகளை மாணவர் தேடிப் பிடிப்பதற்கான பயிற்சித்தாள், நான் சொன்ன சோதனையின் மாதிரி நிரல். விளக்கம் எல்லாம் தமிழில். இரண்டு மணிநேர ஆய்வுகூட வகுப்பு ஒன்றுக்குப் போதும். யாராவது கேட்டால் தருவேன், அழைத்தால் மல்லாவியோ மடுவோ நேரில் வந்து நடத்தியும் தருவேன். கட்டணம் எதுவும் வேண்டாம். இந்த ஆண்டுச் செயற்றிட்டங்களின் மதிப்பீட்டுப் படிவம் இன்னும் அச்சாகாமல் இருந்தால், அந்த 5 புள்ளிக்கான வரியை இம்முறையே சேர்த்துக்கொள்ளுங்கள். அச்சாகிவிட்டிருந்தால் வாய்மொழித் தேர்விலாவது கேளுங்கள்.

அன்புடன்,
கிளிநொச்சியில் மென்பொருள் எழுதும் ஒருவன்